போர்முனையில் இருப்பவரிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லலாமா?

தாழ்வாரம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார், இப்போது போர்முனையில். எந்தப் படை, எந்தத் திசை என்று எழுத மாட்டேன். தயவுசெய்து யாரும் கேட்கவும் வேண்டாம்.

நான் கூப்பிட முடியாது. அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்தான் கூப்பிடுவார். சில வாரம் இரண்டு தடவை வரும். ஒருமுறை பதினேழு நாள் ஒன்றுமே இல்லை. பேசக் கிடைப்பது ஏழெட்டு நிமிடம். அதில் முதல் ஒரு நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கிறார். "அவன்கிட்ட மூச்சு விடக்கூடாது" என்பது அத்தையின் கட்டளை. இதற்குள் மூன்று தடவை அவர் கூப்பிட்டுவிட்டார். மூன்று தடவையும் "அப்பா எங்கே?" என்று கேட்டார். ஒரு தடவை தூங்குகிறார் என்றேன். அடுத்த தடவை வெளியே போயிருக்கிறார் என்றேன். மூன்றாவது தடவையும் தூங்குகிறார் என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "சரி" என்றார். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

சொல்லலாமா, வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைப்பின்னல்

தங்கச்சி, நான் பதினாலு வருடமாக ராணுவக்காரர் வீட்டுக்காரி. என் கருத்து: இப்போது சொல்லாதே. அத்தை சொல்வதுதான் சரி.

நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். முடிந்துபோன விஷயத்தைச் சொல்லலாம், நடந்துகொண்டிருப்பதைச் சொல்லக்கூடாது. பையனுக்குக் காய்ச்சல் வந்து போனது என்றால் சொல்வேன். காய்ச்சல் அடிக்கும்போது சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் அங்கிருந்து என்ன செய்ய முடியும்? ராத்திரி காவலுக்கு நிற்கும்போது மனசு இங்கே இருக்கும். கவனம் ஒரு நொடி சிதறினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மாமனார் நன்றாக நடக்க ஆரம்பித்ததும், "இப்படி விழுந்தார், இப்போ நடக்கிறார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடு.

பழைய பூட்ஸ்

நான் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. என் தலைமுறைக்குக் கடிதம்தான் முக்கியம், தொலைபேசி கடைசிக் காலத்தில் வந்தது. இரட்டைப்பின்னல் சகோதரி மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் ஒத்துப்போக மாட்டேன்.

அம்மா, உங்கள் கணவருக்கு ஏற்கெனவே தெரியும். என்ன என்று தெரியாது, ஏதோ ஒன்று என்று தெரியும். அந்த மூன்றாவது "சரி"க்கு அதுதான் அர்த்தம். ஏழு நிமிடம் பேசிவிட்டு இடத்துக்குத் திரும்பிப் போகிறவனுக்கு அந்த ஏழு நிமிடத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. "தூங்குகிறார் என்றாள். அந்த நேரத்தில் அப்பா எப்போது தூங்கியிருக்கிறார்? குரலில் ஏன் அவசரம்?" இப்படியே போகும். இடுப்பெலும்பு என்று சொன்னால் இடுப்பெலும்பைப் பற்றி மட்டும் கவலைப்படுவான். சொல்லாவிட்டால் சாவு வரைக்கும் எல்லாவற்றையும் நினைத்துப் பார்ப்பான்.

எங்கள் கூட ஒருவன் இருந்தான். அவன் தாய் இறந்ததை வீட்டில் நாலு மாதம் மறைத்தார்கள். விடுமுறையில் போய் வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் வீட்டிலிருந்து "எல்லோரும் நலம்" என்று எது வந்தாலும் அவன் நம்பியதில்லை. கடிதத்தை எங்களிடம் கொடுத்து, "இதுல ஏதாவது மறைச்சிருக்காங்களான்னு பாரு" என்பான்.

நேர்கோடு

இதெல்லாம் ஒரு பிரச்சினையா? அந்தக் காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும். செத்தாரா இருக்கிறாரா என்றே தெரியாது. இப்போது குரலையே கேட்கிறீர்கள். கிடைத்த ஏழு நிமிடத்தில் சந்தோஷமாகப் பேசிவிட்டு வைக்க வேண்டியதுதானே.

கடிதக்கட்டு

நேர்கோடு, "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்துவிட்டீர்கள், இனி என்னை யாரும் நிறுத்த முடியாது. போர்க்காலத் தபால்களைத் தேடித்தேடிப் படிப்பது என் பைத்தியம்.

அந்தக் காலம் அவ்வளவு மெதுவானது இல்லை. முதல் உலகப் போரில் பிரான்சில் பதுங்குகுழியில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வீட்டுக் கடிதம் இரண்டு மூன்று நாளில் கிடைத்துவிடும். உச்சத்தில் வாரத்துக்கு 1.2 கோடி கடிதங்களை அவர்களுடைய ராணுவத் தபால் கையாண்டது. வெடிமருந்துக்கும் உணவுக்கும் இணையாகக் கடிதத்துக்கு வண்டி ஒதுக்கினார்கள். கடிதம் நின்றால் படை சோர்ந்துவிடும் என்று தளபதிகளுக்கே தெரிந்திருந்தது.

தாழ்வாரம் கேட்ட கேள்வியும் அப்போதே உண்டு. அந்தப் போரில் ஜெர்மனியில் பசியும் பஞ்சமும். மனைவிமார் அதையெல்லாம் கடிதத்தில் கொட்டினார்கள். "புலம்பல் கடிதம்" என்று அதற்குத் தனிப்பெயரே வைத்து, முனையில் இருப்பவனுக்கு அப்படி எழுதாதீர்கள் என்று அரசாங்கமே பிரசாரம் செய்தது. அத்தை சொல்வதை ஓர் அரசாங்கம் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். புலம்பல் நின்றதா என்றால், இல்லை. வீட்டில் அடுப்பு எரியாதபோது மனுஷி வேறு யாரிடம் சொல்வாள்?

எதிர்த்திசையில் பார்த்தால் சிப்பாய் மறைத்ததுதான் அதிகம். பிரிட்டிஷ் படையில் அச்சடித்த ஓர் அட்டை கொடுத்தார்கள். "நான் நலம்", "மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்", "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று வரிகள் வரிசையாக இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் போட்டு அனுப்ப வேண்டும். கூடுதலாக ஒரு வார்த்தை எழுதினாலும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதில் "உங்களிடமிருந்து நெடுநாளாகக் கடிதம் வரவில்லை" என்றும் ஒரு வரி உண்டு. அந்த ஒன்றை மட்டும் அடிக்காமல் விட்டு அனுப்பினால் வீட்டில் எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

தாழ்வாரம்

அந்த அட்டை மாதிரிதான் எங்கள் பேச்சும் இருக்கிறது. நலமா, நலம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். பையன் படிக்கிறானா, படிக்கிறான். மற்றதெல்லாம் அடித்துவிட்ட வரிகள்.

இரட்டைப்பின்னல்

பழைய பூட்ஸ் அண்ணா, அந்த நண்பரின் கதை கஷ்டமாக இருந்தது. ஆனால் மரணத்தை மறைப்பதும் எலும்பு முறிவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவதும் ஒன்றில்லை. நான் சொன்னது தள்ளிப்போடு என்றுதான், புதைத்துவிடு என்று சொல்லவில்லை.

அண்ணா ஒரு விஷயத்தை மறக்கிறார். கடிதத்தில் கெட்ட செய்தியைச் சொன்னால் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, கிழித்து, மறுபடி எழுதலாம். தொலைபேசியில் இணைப்பு பாதியில் அறுந்துபோகும். "அப்பா விழுந்துட்டார், அறுவை..." என்பதோடு கட் ஆனால்? அடுத்த தடவை அவருக்கு வாய்ப்பு வர பத்து நாள் ஆனால்? இது எனக்கே நடந்திருக்கிறது. "டாக்டர் என்ன சொன்னாருன்னா" என்று நான் ஆரம்பித்தேன், அதோடு போனது. ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார். டாக்டர் சொன்னது மூக்குக்கண்ணாடி போடச் சொன்னதுதான். ஆனால் அந்த ஒன்பது நாளும் அவர் பட்ட பாடு! இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

பழைய பூட்ஸ்

இது நியாயமான பேச்சு. ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் வரிசையை மாற்றிச் சொல்ல வேண்டும். முடிவை முதலில் சொல்லுங்கள். "அப்பா இப்போ வீட்டில் இருக்கிறார், நடக்கிறார்." இதுதான் முதல் வாக்கியம். அடுத்தது, "மூன்று வாரம் முன்னால் விழுந்தார், அறுவைச் சிகிச்சை ஆனது." இதற்கு மேல் எங்கே அறுந்தாலும் அவனிடம் முழுச் செய்தி இருக்கும். நாங்கள் கம்பியில்லாக் கருவியில் அப்படித்தான் பேசப் பழகினோம். முக்கியமானது முன்னால், கதை பின்னால். வீடுகளில் நேர் எதிர். "அன்னிக்குக் காலைல நான் பால் காய்ச்சிட்டு இருந்தேனா" என்று ஆரம்பிப்பார்கள்.

நாலாம்வகுப்பு

நான் ராணுவக்காரரின் மகன். அப்பா போரில் இருந்தபோது நாலாம் வகுப்பு. செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசுவார். நான் ஒன்று கேட்பேன், பதில் வராது, மறுபடி கேட்பேன், அதே நேரம் அவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்வார். இரண்டு பேரும் ஒரே சமயம் பேசி, ஒரே சமயம் நிறுத்தி, மறுபடி ஒரே சமயம் ஆரம்பிப்போம். அப்பாவுக்கு என்னிடம் பேசப் பிடிக்கவில்லை, அதனால்தான் யோசித்து யோசித்துப் பேசுகிறார் என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

பின்னாளில்தான் புரிந்தது. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால், குரல் ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். பதில் திரும்ப இன்னொரு கால் நொடி. அந்த அரை நொடி ஒரு குழந்தைக்குப் போதும், அப்பா மாறிவிட்டார் என்று நினைக்க.

தாழ்வாரம் அக்கா, மூன்றாவது "சரி"க்கு முன்னால் இருந்த இடைவெளியில் கொஞ்சம் இதுவாகக்கூட இருக்கலாம். உங்கள் பையனிடமும் இதைச் சொல்லி வையுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடிதக்கட்டு

நாலாம்வகுப்பு சொன்னதும் நினைவு வருகிறது. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் வானொலி வழியாக வீட்டோடு பேசினார்கள். மார்ஸ் என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். நடுவில், பொழுதுபோக்காக வீட்டில் வானொலிக் கருவி வைத்திருக்கும் ஒருவர் அலையைப் பிடித்து, அதை வீட்டுத் தொலைபேசியோடு இணைத்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் பேசி முடித்ததும் "ஓவர்" என்று சொல்ல வேண்டும். "உன்னை ரொம்ப நேசிக்கிறேன், ஓவர்." நடுவில் இருப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பார். வெட்கப்பட முடியுமா?

மூன்றாம் ஆள் நடுவில் உட்கார்ந்திருப்பது பழைய கதைதான். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுத வைப்பார்கள். அதைத் தணிக்கை அதிகாரி படிப்பார். ஊருக்கு வந்தால் இன்னொருவர் உரக்கப் படித்துக் காட்டுவார். மனைவிக்கு என்று எழுதிய வரியைக் குறைந்தது மூன்று பேர் முதலில் பார்த்துவிடுவார்கள். தணிக்கைக்குத் தப்பச் சிலர் பூடகமாக எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்து வருகிறது, இப்போது சிவப்பு மிளகாயைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு கடிதம். கறுப்பு என்றால் இந்தியப் படை, சிவப்பு என்றால் வெள்ளைக்காரப் படை. தணிக்கைக்காரர் இதையும் கண்டுபிடித்துக் குறித்து வைத்ததால்தான் நமக்குத் தெரியவந்தது என்பது வேறு விஷயம்.

நேர்கோடு

சரி, என் முதல் பதிவு கொஞ்சம் கடுமையாகிவிட்டது. மன்னிக்கவும். ஒன்று மட்டும் கேட்கிறேன். பூடகமாகச் சொல்வது நல்ல யோசனைதானே? நீங்களும் கணவரும் ரகசியச் சொற்கள் வைத்துக்கொண்டால் அவர் எங்கே இருக்கிறார், எப்போது திரும்புவார் என்றெல்லாம் தெரிந்துகொள்ளலாமே.

பழைய பூட்ஸ்

தம்பி, வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள்.

இடம், நகர்வு, எத்தனை பேர், எப்போது விடுப்பு, இவற்றில் எதுவும் வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் வீடு யாரிடமாவது சொல்லும். கெட்ட எண்ணத்தில் இல்லை, சந்தோஷத்தில் சொல்லும். "அடுத்த வாரம் வர்றாராம்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், அந்தப் பெண் வாழ்த்துச் செய்தி போடுவாள், முடிந்தது கதை.

கைபேசியே ஆபத்து. 2023 புத்தாண்டு இரவில், உக்ரைனில் ரஷ்யா பிடித்து வைத்திருந்த மக்கீவ்கா நகரில் ரஷ்யப் படையினர் தங்கியிருந்த ஒரு கட்டடத்தை உக்ரைன் தாக்கியது. 89 பேர் இறந்ததாக ரஷ்ய ராணுவமே சொன்னது. தடையை மீறிச் சிப்பாய்கள் கைபேசியை இயக்கியதுதான் முக்கியக் காரணம் என்றும் சொன்னது. அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் அடைத்த அதிகாரிகள் சிப்பாய்கள் மேல் பழி போடுகிறார்கள் என்று அங்கேயே பலர் திட்டினார்கள், அதிலும் உண்மை இருக்கலாம். எப்படியோ, வீட்டுக்குப் பேசும் ஆசைக்கு என்ன விலை என்று எல்லாப் படைகளும் அன்றைக்கு ஒருமுறை யோசித்தன.

நாலாம்வகுப்பு

பேசவே வேண்டாம், ஓடினாலே போதும். உடற்பயிற்சியைக் கணக்கெடுக்கும் ஸ்ட்ராவா என்ற செயலி, பயனர்கள் ஓடிய தடங்களை எல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடமாக வெளியிட்டது. இருட்டான பாலைவனத்துக்கு நடுவில் திடீரென்று ஒரு சின்னச் சதுரம் பளபளவென்று ஒளிர்ந்தது. பார்த்தால் ராணுவ முகாமின் சுற்றுப்பாதை. சிப்பாய்கள் காலையில் ஓடிய ஓட்டம். 2018 ஜனவரியில் ஒரு மாணவர்தான் இதைக் கவனித்துச் சொன்னார்.

தாழ்வாரம்

நானும் இதில் ஒரு தவறு செய்திருக்கிறேன். அவருடைய கைபேசிக் கணக்கில் "கடைசியாக இணைப்பில் இருந்த நேரம்" தெரியும். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அதைப் பார்ப்பேன். ஒருநாள் 1.12 என்று காட்டியது. எனக்கு ஒரு வரி அனுப்பவில்லை. ஒரு மணிக்கு விழித்திருந்தவர் எனக்கு ஏன் அனுப்பவில்லை என்று மூன்று நாள் மனசுக்குள்ளேயே சண்டை போட்டேன். பிறகு தெரிந்தது, அந்தக் கைபேசி அவர் கையிலேயே இல்லை. வாங்கி வைத்துவிட்டார்களாம். எப்படி அப்படிக் காட்டியது என்று இன்றுவரை புரியவில்லை.

அப்புறம் அந்தப் பதினேழு நாள். அது ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரட்டைப்பின்னல்

நீ கேட்காதது நல்லது. நானும் இதை யாரோ சொல்லித்தான் கற்றுக்கொண்டேன், அதனால் சொல்கிறேன். ஒரு பிரிவில் யாருக்காவது அடிபட்டாலோ உயிர் போனாலோ உடனே எல்லோருடைய இணையத்தையும் தொலைபேசியையும் நிறுத்திவிடுவார்கள். அமெரிக்கப் படையில் "ரிவர் சிட்டி" என்று அதற்கு ஒரு குறிச்சொல்லே உண்டு. சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கு முறைப்படி தெரிவிக்கும்வரை வேறு வழியில் செய்தி போய்விடக்கூடாது, அதற்காக. நகர்வு, தாக்குதல் என்று ரகசியம் காக்க வேண்டிய நேரத்திலும் நிறுத்துவார்கள்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. நமக்குத் தெரிந்த எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் பேச்சு நின்றால், எங்கோ ஒரு வீட்டுக்குச் செய்தி போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்புறம் ஒருநாள் உன் தொலைபேசி மணி அடிக்கும். "நம்ம வீடு இல்லை" என்று மனசு துள்ளும். அடுத்த நொடியே அந்த நினைப்புக்காக வெட்கமாக இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே பெயர் தெரியாததால் எழுதுகிறேன்.

தொலைபேசி அடித்தால் பயப்படாதே. அமெரிக்கப் படையில் அந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள், நேரில்தான் வருவார்கள்.

கடிதக்கட்டு

நேரில் வருவதும் சண்டை போட்டுப் பெற்ற உரிமைதான். 1965 நவம்பரில் வியட்நாமில் இயா டிராங் பள்ளத்தாக்குச் சண்டையில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் வீடுகளுக்குத் தந்தியை வாடகைக் கார் ஓட்டுநர்களிடம் கொடுத்து அனுப்பினார்கள். படைத்தளபதியின் மனைவி ஜூலியா மூர், தானே வீடு வீடாகப் போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்தார், இறுதிச் சடங்குகளுக்குப் போனார், இது முறையில்லை என்று மேலிடத்தில் புகார் செய்தார். அதற்கப்புறம்தான் அதிகாரி ஒருவரும் மதகுருவும் நேரில் போகும் வழக்கம் வந்தது.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விதி இருக்கிறது. 1949-ம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க்கைதி ஒருவர் முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அட்டை எழுத அனுமதிக்க வேண்டும். பிறகு மாதம் குறைந்தது இரண்டு கடிதம், நான்கு அட்டை...

இரட்டைப்பின்னல்

கடிதக்கட்டு, அந்தப் பெண் கேட்டது மாமனார் இடுப்பைப் பற்றி. நீங்கள் அவளைக் கைதி முகாம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

கடிதக்கட்டு

மன்னிக்கவும். பழக்கதோஷம். பிராயச்சித்தமாகச் சிரிக்கிற மாதிரி ஒன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் வி-மெயில் என்று ஒன்று 1942-ல் வந்தது. கடிதத்தைச் சின்னப் படச்சுருளில் படமெடுத்து, சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, அங்கே மறுபடி அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒன்றரை லட்சம் கடிதத்துக்கு 37 மூட்டை வேண்டிய இடத்தில் ஒரே மூட்டை போதும். எடை 2,575 பவுண்டிலிருந்து 45 பவுண்டாகக் குறைந்தது. இவ்வளவு அருமையான இயந்திரத்தை எது படுத்தி எடுத்தது தெரியுமா? உதட்டுச் சாயம். பெண்கள் கடிதத்தில் முத்தம் பதித்து அனுப்ப, சாயம் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு அச்சு கெட்டுப்போனது. "சிவப்புத் தொல்லை" என்று அதற்குப் பெயரே வைத்தார்கள்.

பழைய பூட்ஸ்

சிரித்துவிட்டேன். எங்களுக்கு அந்தத் தொல்லை எல்லாம் வரவில்லை.

தாழ்வாரம், என்ன பேசுவது என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள் (நலமா நலம் என்று எழுதினீர்களே, அதைச் சொல்கிறேன்). அதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

தபால் வரும் நாளில் கடிதம் வராதவன் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் எங்கள் பிரிவில் ஒரு பழக்கம். அந்தரங்கமான பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை எல்லோருக்கும் படித்துக் காட்டுவோம். என் மனைவிக்கு எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லையோ என்னவோ, கொல்லைப்புறக் குழாய் ஒழுகுவதைப் பற்றி எழுதினாள். அடுத்த கடிதத்தில் குழாய்க்காரர் வந்தார், வாஷர் மாற்றினார், இரண்டு நாள் நின்றது, மறுபடி ஒழுகுகிறது. அதற்கடுத்த கடிதத்தில் வாளி வைத்திருக்கிறாள், ராத்திரியெல்லாம் சொட்டுச் சத்தம், தூக்கம் இல்லை.

பதினொரு பேரும் அந்தக் குழாயைப் பற்றித்தான் பேசினோம். திருகாணி தேய்ந்திருக்கும் என்றான் ஒருவன். குழாயையே மாற்றச் சொல் என்றான் இன்னொருவன். ஒருவன் படமே வரைந்து கொடுத்தான். அதைக் கடிதத்தோடு வைத்து அனுப்பினேன். பதில் வருவதற்குள் நாங்கள் இரண்டு இடம் மாறிவிட்டோம். அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேர் அப்போது இல்லை. கடிதம் வந்தது. "குழாய் சரியாகிவிட்டது, படம் வரைந்தவருக்கு நன்றி சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாள். படம் வரைந்தவன் அந்த இரண்டு பேரில் ஒருவன்.

அவளுக்கு இதை நான் பல வருடம் சொல்லவில்லை. ஆக, மறைத்தவன்தான் நானும். ஆனால் குழாயைப் பற்றி அவள் எழுதியிருக்காவிட்டால் அந்த இரண்டு மாதம் எங்களுக்கு வீடு என்பது வெறும் நலம் என்ற ஒரு சொல்லாக இருந்திருக்கும்.

நேர்கோடு

ஐயா, இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. படித்தேன் என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

நாலாம்வகுப்பு

தாழ்வாரம் அக்கா, கடிதமும் போகும் வழி இருந்தால் எழுதுங்கள். எண் போட்டு எழுதுங்கள், 1, 2, 3 என்று உறையின் மூலையில். அம்மா அப்படித்தான் செய்வார். ஏழாவது கடிதம் ஐந்துக்கு முன்னால் போய்ச் சேரும். எண் இருந்தால் நடுவில் ஏதோ வர வேண்டியிருக்கிறது என்று தெரியும், "என்ன திடீரென்று இப்படி எழுதுகிறாள்" என்று குழம்ப மாட்டார்.

எனக்கு அப்பாவின் தொலைபேசியை விட அவர் கடிதம்தான் நினைவில் நிற்கிறது. போனில் பேசியது ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை. கடிதத்தில் எனக்கென்று தனியாக அரைப்பக்கம் இருக்கும். அங்கே பார்த்த ஒரு நாயைப் பற்றி எழுதுவார். இன்னும் வைத்திருக்கிறேன்.

இரட்டைப்பின்னல்

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். பழைய பூட்ஸ் அண்ணா சொன்ன வரிசையில் சொல்வதாக இருந்தால் சொல். முடிவை முதலில். ஆனால் ஒரு நிபந்தனை. மாமனாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல். நீ சொன்னதும் அவர் குரலைக் கேட்க வேண்டும். குரல் கேட்டால்தான் நம்புவார்கள். அத்தையிடம் முன்கூட்டியே பேசிவிடு. உன்னை மீறிச் சொன்னதாக ஆகக்கூடாது, நீ அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

தாழ்வாரம்

அத்தையிடம் பேசினேன். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மாமனாரே, "நான் செத்தா சொல்லுவீங்களா, அதையும் தூங்குறேன்னு சொல்லிடுவீங்களா" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இனி அவர் கூப்பிட வேண்டும்.

தாழ்வாரம்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி கூப்பிட்டார்.

மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், நடக்கிறார், நன்றாக இருக்கிறார். போன மாதம் விழுந்துவிட்டார், இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆனது." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அரை நொடி, கால் நொடி எல்லாம் எண்ணினேன், நாலாம்வகுப்பு. அதைவிட நீளமாகத்தான் இருந்தது.

பிறகு "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். "குளியலறையிலா?" என்றார். ஆமாம். "எனக்குத் தெரியும். அந்தப் படி பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி வைக்கணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே நினைச்சேன்" என்றார். அப்புறம் முழுக்க அந்தக் கம்பியைப் பற்றித்தான். எந்தச் சுவர், எவ்வளவு நீளம், துளை போடும்போது தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, துருப்பிடிக்காத கம்பியாக வாங்கு, வெறும் திருகாணி நிற்காது, உள்ளே ஆப்பு வைக்கச் சொல். நான் பேனாவைத் தேடி ஓடினேன். பல மாதமாக இவ்வளவு வேகமாக அவர் பேசிக் கேட்டதில்லை.

மாமனார் கடைசியில் வாங்கிப் பேசினார். "டேய், நான் தூங்கலைடா" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதோடு இணைப்பு போய்விட்டது.

பழைய பூட்ஸ்

கம்பி எத்தனை உயரத்தில் வைக்கச் சொன்னார்?

தாழ்வாரம்

தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் என்றார். நாளைக்கு ஆள் வருகிறார்.

பழைய பூட்ஸ்

மாமனாரை நிற்க வைத்து மணிக்கட்டு உயரத்தை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத் துளை போடச் சொல்லுங்கள். அதையும் அவருக்கு எழுதுங்கள்.